குடைக்காரி ரெக்கார்டில் டிரம்ஸ் அடித்தவர்

எனக்கு ஒரு வேண்டாத வேலை இருக்கிறது. பழைய மலிவு விலை ஜாஸ் ரெக்கார்டுகளில் வாசித்தவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது. அந்தக் காலத்தில் சின்னக் கம்பனிகள், கையில் அகப்பட்ட வாத்தியக்காரர்களை ஒரு பகலுக்குக் கூப்பிட்டு வாசிக்க வைத்து, உறையில் ஒரு பெண்ணின் படத்தையும் இல்லாத இசைக்குழுவின் பெயரையும் போட்டு விற்றன. வாசித்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. என்னைப் போன்ற கிறுக்கர்கள் உலகமெங்கும் கொஞ்சப் பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறோம். இந்த சாக்ஸபோன்காரர் மூச்சை இழுப்பதைப் பார்த்தால் இன்னார்தான், இல்லவே இல்லை என்று சண்டை போடுவோம். இலங்கை மலைநாட்டு ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு நானும் போடுவேன். சொந்தக்காரர் பேரே ஞாபகம் இல்லாத மனுஷனுக்கு இது தேவையா என்பாள் மனைவி.

எங்கள் மேல்வீட்டில் ஒரு மிஸி இருக்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பென்ஷன் எடுத்த பிறகும் மிஸி மிஸிதான். என் கிறுக்கைக் கேள்விப்பட்டு ஒருநாள் இறங்கி வந்தார். அவருடைய அப்பா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, நுவரெலியா ஹோட்டல்களில் டிரம்ஸ் அடித்து, பிறகு பயணிகள் கப்பலில் பேண்ட் வாசிக்கப் போனவர். இங்கிலாந்தில் கப்பல் நின்றபோது ஒரு ரெக்கார்டுக்கு அடித்ததாகவும், அதன் உறையில் சிவப்புக் குடை பிடித்த பெண் சிரிப்பாள் என்றும் சாகும்வரை சொன்னாராம். யாரும் நம்பவில்லை. பிறகு குடிவந்த வேறு தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், 'லண்டன் புளுகர்' என்றே பட்டம்.

"அவரு செத்த வீட்டுலயும் அதைச் சொல்லிச் சிரிச்சாங்க தம்பி. அப்பா பொய் சொல்லலன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

குழுவில் கேட்டேன். குடைக்காரி கிடைத்துவிட்டாள்! கனடாவில் ஒருவர் அந்த ரெக்கார்டை வைத்திருந்தார்; படத்தையும் பாட்டுகளையும் அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் மிஸி அழுதுவிட்டார். நான்தான் அவசரப்பட வேண்டாம் என்றேன். அவர் அப்பா அந்த உறையை ஏதாவது கடையில்கூடப் பார்த்திருக்கலாமே. குழுவிலோ, அதில் டிரம்ஸ் அடித்தது பேர்போன ஆங்கிலேயர் ஒருவர் என்று எப்போதோ தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஓர் இடம் மட்டும் இடித்தது. கடைசிப் பாட்டில் மற்றவர்கள் நிறுத்திவிட, டிரம்ஸ் தனியாகப் போகிறது. நடுவில் வேகம் சட்டென்று அறுந்து, கனமாக இரண்டு அடி, ஓர் இடைவெளி, பிறகு அவசரமாக மூன்று. அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறார். தடுமாற்றம் என்று குழுவில் எழுதியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! தடுமாறுகிறவன் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாகவா தடுமாறுவான்? எங்கேயோ கேட்ட அடி. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. மண்டை காய்ந்துபோனது.

பிடிபட்டது ஒரு சாவில். அக்கரப்பத்தனையில் மனைவியின் பெரியப்பா தவறிவிட்டார். தப்புப் பறை முன்னால் அடித்துப் போக, நாங்கள் பாடைக்குப் பின்னால் போனோம். லயங்களைத் தாண்டித் தேயிலை மலைக்குள் இறங்கும் இடத்தில் பாடையைக் கீழே வைத்து, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித் தூக்குவார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் தப்பின் அடி மாறும். மாறியது. கனமாக இரண்டு, ஓர் இடைவெளி, அவசரமாக மூன்று. 'அட!' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மனைவி முறைத்தாள். சாவு வீட்டில் இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்தோஷம் வடிந்துவிட்டது. தப்பை எல்லாரும் அடிப்பதில்லை. சில குடும்பத்து ஆண்கள்தான், தகப்பனிடமிருந்து மகன் பழகி அடிப்பார்கள். அவர்களை மற்றவர்கள் வாசலோடு நிறுத்தினார்கள், இன்றைக்கும் நிறுத்துகிறவர்கள் உண்டு. மற்ற வீட்டுப் பையன் அந்தக் குச்சியைத் தொடமாட்டான். மிஸியின் அப்பாவோ மாதா கோயில் பள்ளிக்கூடத்து பேண்டில் பழகியவர் என்றுதான் ஊருக்குத் தெரியும். அந்தப் பேச்சை வைத்துத்தான் அந்த வீட்டுச் சம்பந்தங்களெல்லாம் நடந்தன. அவர் புளுகர் இல்லை என்று காட்ட வேண்டுமானால், அவர் மறைத்ததை நான் போட்டு உடைக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா? சில நாள் மிஸியின் கண்ணில் படாமலே திரிந்தேன்.

கடைசியில் அவரே வந்து உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன். எங்கே கேட்ட அடி என்பதைச் சுற்றி வளைத்து, மென்று விழுங்கிச் சொன்னேன். தப்படிதானே என்று நேராகக் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"எங்க தாத்தா தப்பு அடிச்சவருதான் தம்பி. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு அப்பாதான் எங்க வாய அடைச்சு வச்சிருந்தாரு."

இதைக் குழுவில் எழுத வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்ததே போதும் என்றேன். மருமகள் வீட்டார் என்ன பேசுவார்கள் என்றும் கேட்டேன். பேசட்டும் என்றார்.

"எழுதுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னும் சேத்து எழுதுங்க. வீட்டுல வாயத் தொறக்காத மனுசன், பேரே போடாத எடத்துல போயி, தான் யாருன்னு அடிச்சுச் சொல்லியிருக்காரே."

எழுதத் தொடங்கினேன். அவர் அப்பாவின் பெயருக்கு முன்னால் நான் இனிஷியலை மட்டும் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு, தாத்தாவின் பெயரை முழுசாகப் போடச் சொன்னார்.