நாலு பேர் விமானமும் ஒரு சோதினையும்

என் முதலாளி ஒரு விமானம் வைத்திருந்தார். இதைச் சொன்னால் எங்கள் சனம் உடனே அவரைப் பெரிய கோடீஸ்வரன் என்று நினைத்துவிடும். கோதாரி, அது நாலு பேர் நெருக்கியடித்து இருக்கிற ஒரு சின்னச் சாமான். மூக்கில் ஒரு விசிறி, தலைக்கு மேலே இரண்டு பக்கமும் விரிந்த செட்டை. கதவைச் சாத்தினால் பழைய கார்க் கதவு மாதிரித்தான் சத்தம் கேட்கும்.

எங்கள் வேலை பேக்கரிகளுக்குப் பாண் சுடுகிற போறணைகளைப் பூட்டிக் கொடுப்பதும் திருத்துவதும். கியூபெக்காரரான முதலாளி வியாபாரம் பேசுவார், நான் கையில் கரி பூசுவேன். பே-கோமோவில் ஒரு போறணை மக்கர் பண்ணினால் மொன்றியலிலிருந்து வான் வண்டியில் ஒரு நாள் ஓட்டம், மறுநாள் வேலை, அதற்கடுத்த நாள்தான் வீடு. என் மனுசி அப்போது முதியோர் இல்ல வேலைக்காகப் பின்னேர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது. நான் வராத நாளில் அவளுக்கு வகுப்பு இல்லை. இன்னொரு தரம் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அந்த வண்டிக்குள் வைத்து இதையெல்லாம் முதலாளியிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காக ஓட்டுகிற விமானத்தை வேலைக்கும் எடுத்தால் என்ன என்று அவருக்கும் அப்போதுதான் தோன்றியது. காலையில் போனால் பின்னேரம் வீட்டில் நிற்பாய் என்றார்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றாள் மனுசி. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு, "சரி, போங்கோ. ஆனா முதல் நாள் நானும் வந்து பாப்பன்" என்றாள்.

வந்தாள். சென்-ஊபேர் விமானத் தளத்துக்குப் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தனம், குங்குமம், தேசிக்காய் சகிதம். எங்கள் ஆக்கள் சைக்கிள் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் உருட்டமாட்டார்கள், இது வானத்தில் போகிற சாமான், விடுவாளா? முதலாளி உள்ளே காலநிலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மூக்கு, கதவு, சில்லு எல்லாம் பூசி முடித்துவிட்டாள். செட்டைக்குக் கீழே விரல் தடிப்பில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் முனையிலும் ஒரு பொட்டு வடிவாக வைத்தாள்.

முதலாளி வந்து வழக்கம்போல விமானத்தைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூக்குச் சந்தனத்தை முகர்ந்து சிரித்தார். குழாயடிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் ஓட்டைக்குள் புகும் காற்றை வைத்துத்தான் விமானத்தின் வேகம் தெரியுமாம். அடைபட்டால் பறக்கிறோமா விழுகிறோமா என்றே தெரியாதாம். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

"கண்ட கண்ட இடமெல்லாம் பூசுவீரே? எங்களைக் கொல்லப் பாத்தீரே?"

முதலாளிக்குத் தமிழ் தெரியாது, குரல் விளங்கியது. கையைக் காட்டி என்னை அடக்கினார். இதுக்காகத்தானே நான் சுற்றிப் பார்க்கிறேன் என்றார். மெக்கானிக் வந்து துப்புரவாக்கிச் சோதித்து முடிக்கும்வரை இயந்திரத்தைத் தொடவில்லை. அந்த நேரம் முழுக்க மனுசியைக் கூட்டிக்கொண்டு சுற்றி வந்து, எங்கே பொட்டு வைக்கலாம், எங்கே கூடாது என்று காட்டிக் கொடுத்தார். அவளும் தான் படித்த அரைகுறைப் பிரெஞ்சில் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடைசியில் என்னிடம் வந்து, "இந்த மனுசன் பாத்துத்தான் ஏறுவார். போயிட்டு வாங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்கிறது. கீழே ஆறு, பனிக்கட்டி, ஒற்றை வரியாய்த் தெரு. முதலாளி ஒரு கையால் ஓட்டி மறுகையால் மனுசி தந்துவிட்ட மீன் கட்லட்டை விழுங்குவார். பின்னேரம் நான் கார்தெரியில், அதுதான் பிள்ளை பராமரிக்கிற இடத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வில்லரேயில் எங்கள் வீட்டுப் படியேற, மனுசி புத்தகப் பையோடு இறங்குவாள். "சோறு அடுப்பில" என்பாள். அவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு. சந்தோசமாகத்தான் இருந்தோம்.

அவள் வகுப்பில் கடைசிச் சோதினை எழுதுகிற நாளும் வந்தது. அன்றைக்கென்று பே-கோமோவில் வேலை. மத்தியானத்தோடு வேலை முடிந்து வெளியே எட்டிப் பார்த்தால், தொட்ட இடமெல்லாம் ஐஸாக உறைகிற மழை. முதலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏறமாட்டேன் என்றார். அந்தச் சின்ன விமானத்தின் செட்டையில் ஐஸ் பிடித்தால் உருக்க வழியில்லை.

நான் விடவில்லை. அவளுடைய ஒரு வருடப் படிப்பு வீணாகப் போகுதே என்று பேக்கரிக்காரருக்கு முன்னாலேயே கத்தினேன். பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றேன். முதலாளிக்கு என் மனுசியில் நல்ல மதிப்பு. இன்னொரு தரம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, "வருகிறோம் என்று அவளுக்குச் சொல்" என்றார்.

வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் போன் போட்டேன். "வாறம்" என்றேன்.

"இஞ்ச ஐஸ் மழை கொட்டுது. அங்கை?"

"இஞ்சையும் கொஞ்சம் தூறுது. அவர் ஓட்டுவார்."

"அவரிட்டப் போனைக் குடுங்கோ."

கொடுத்தேன். அவள் பிரெஞ்சில் என்ன சொன்னாளோ, முதலாளி இரண்டு தரம் "உய், மதாம்" என்று தலையாட்டினார். ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். போனை என்னிடம் தந்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனார்.

"அப்ப சோதினை?" என்று கத்தினேன்.

"கத்தாதேங்கோ. என்ரை சோதினைக்காக நீங்கள் விழுந்து செத்தா, பேந்து நான் பாஸ் பண்ணிப்போட்டு ஆரிட்ட வந்து சொல்றது?"

அன்றைக்கு அங்கேயே தங்கினோம். அவள் சோதினைக்குப் போகவில்லை. அந்தப் பாடங்களைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். நானும் முதலாளியும் வானம் வெளித்த நாட்களில் மட்டும் பறந்தோம். அவர் இன்றைக்கு ஏறக்கூடாது என்றால் ஏறுவதில்லை. நான் வாயே திறப்பதில்லை.

அடுத்த சோதினை முடிவு வந்த அன்று நான் றிமூஸ்கி என்ற ஊரில் ஒரு போறணைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, பாஸ்" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. அவளுடைய அம்மா அப்பாவுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன்.

"இல்லை. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றாள். "உங்களுக்குத்தான் முதல்."