மட்டிப்பழத் தோலும் என் பேரியம் டைட்டனேட்டும்

இன்று லேபில் மட்டிப்பழம் என்ற எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழத்தின் தோலுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம்.

காரணம் சொல்கிறேன்.

நான் பிஹெச்டி நான்காம் வருடம், நாகர்கோவிலில். பேரியம் டைட்டனேட் என்ற செராமிக்கைத் தலைமுடியை விட ஆயிரம் மடங்கு மெல்லிய குச்சிகளாக வளர்ப்பது என் வேலை. (எங்கள் ஊரான இனயத்தில், வீட்டில் கேட்டால், "அவ ஏதோ மாவு சுடுதா" என்பார்கள். தப்பில்லை.)

இது ஃபெரோஎலக்ட்ரிக். வோல்டேஜ் கொடுத்து நிறுத்திய பிறகும், உள்ளே இருக்கும் மின் இருமுனைகள் திரும்பிய பக்கமே நிற்க வேண்டும். வோல்டேஜை ஏற்றி இறக்கினால், கிராஃபில் இரண்டு முனையும் கூரான இலை மாதிரி ஒரு வளையம் விழும். அதற்குப் பேர் லூப்.

எட்டு மாதம் வளர்த்து, வில்லையாக அழுத்தி, சுட்டு, இரு பக்கமும் சில்வர் பேஸ்ட் பூசி, போன வாரம் அளந்தேன்.

லூப் வந்தது. தலையணை மாதிரி.

கைடுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் மக்கா. திங்கக்கிழம பேப்பர அனுப்பிருவோம்."

அந்தப் பேப்பர் வந்தால்தான் எனக்கு ஃபெலோஷிப் நீட்டிப்பு. ஆகவே நானும் தலையணையைக் காதலிக்கத் தொடங்கினேன்.

கெடுத்தது செலின். பக்கத்து மேசை, அதே கைடு, வாயில் பூட்டு கிடையாது.

"ஏட்டி, இது லூப் இல்ல, லீக்கு. கரண்டு உள்ளகூடி ஒழுகினாலும் இப்பிடித்தான் வீங்கும்."

"உனக்குப் பொறாம."

"அப்பிடியா? ஈரமுள்ள எதுலயும் இது வரும். காட்டட்டா?"

தின்றுகொண்டிருந்த மட்டிப்பழத்தின் தோலை வெட்டி, இரு பக்கமும் சில்வர் பேஸ்ட் பூசினாள். (என் பேஸ்ட். கேட்கவில்லை.)

தோல் லூப் போட்டது. என்னுடையதை விட அழகாக.

தோலின் கிராஃபை அழித்துவிட்டுப் போய்விடலாமா என்று உண்மையாகவே தோன்றியது. பத்து நிமிடம் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டையும் பிரிண்ட் எடுத்து, எது எதுவென்று எழுதாமல் கைடு மேசையில் வைத்தேன்.

"சார், இதுல எதப் பேப்பர்ல போடலாம்?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

"இது கொள்ளாம். நல்ல சீரா வந்திருக்கு. மத்தது கோணலு."

"சார், அது மட்டிப்பழத் தோல்."

மற்ற தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"அப்போ நம்ம சாம்பிள்?"

"அந்தக் கோணல்தான் சார்."

திட்டவில்லை. "பேப்பர் இப்போ வேண்டாம். வில்லைய நல்லா காய வச்சு திரும்ப அளந்து பாரு. ஃபெலோஷிப்புக்கு நான் லெட்டர் எழுதித் தாறேன்."

கதவு வரை போனதும் கூப்பிட்டார்.

"அந்தக் கதவச் சாத்திட்டு வா மக்கா."

சாத்தினேன். அலமாரியிலிருந்து தன்னுடைய பிஹெச்டி தீசிஸை எடுத்தார். ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பக்கத்துக்கு நான்கு கிராஃப். ஒன்றில்கூடக் கூர்முனை இல்லை; எல்லாம் தலையணை.

"இத்தன வருசத்துல யாரும் கேக்கல்ல," என்றார். "நானும் கேக்கல்ல."

(இதை எழுதச் சொன்னதே அவர்தான். பேர் மட்டும் போடக் கூடாதாம்.)

நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எனக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "சார், டீ வாங்கிட்டு வரட்டா?"