உப்புத் தகட்டை ஒளித்த இரண்டு நாள்

காதர் பாய் போய்விட்டார்.

"வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா"... காலையில் அவர் மகள் போனில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம்.

ஐம்பதுகளின் கடைசி. காரைக்காலில் பயிருக்கு அடிக்கும் பூஞ்சாண மருந்து இறக்குமதி செய்த ஒரு கம்பெனியின் லேப். பாய் மருந்தைச் சோதிக்கும் இன்ஃப்ராரெட் மெஷினைப் பார்த்தார், நான் பாட்டில் கழுவினேன்.

மெஷின் வேலையை நானே பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஒரு ரிப்போர்ட்டிலும் என் பெயர் போடவில்லை, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடல் காற்றில் ஈரம் பட்டால் மருந்து சிதைந்து வேறொன்றாக மாறும். மெஷின் வரையும் கோட்டில் புதிதாக ஒரு பள்ளம் விழும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு கெட்டிருக்கிறது.

மருந்தை வைக்கும் தகடு கண்ணாடி போலத்தான் இருக்கும், ஆனால் உப்புக் கட்டியில் அறுத்தது. நான் தண்ணீரில் கழுவிவிட்டேன்... கரைந்த சோப்பு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு நாள் டிராயரில் ஒளித்து வைத்தேன். பாய் கேட்டபோதெல்லாம் "காயுது பாய்" என்றேன்.

மூன்றாம் நாள் அவரே எடுத்துவிட்டார். "உப்பத் தண்ணியில போட்டியா? ரசம் வைக்கப் போறியா தம்பி?"

ஸ்பிரிட்டும் துணியுமாக மத்தியானம் முழுக்கத் தேய்த்துத் தகட்டை மீட்டார். மெஷின் கோடு வரைந்தது. பள்ளம்... ஆழமான பள்ளம்.

அந்த இரண்டு நாளில், சோதிக்காத அந்தச் சரக்கில் ஒரு மூட்டை பக்கத்து ஊரான வரிச்சிக்குடிக்குப் போயிருந்தது.

சைக்கிளில் பறந்தோம். விவசாயி கோவிந்தசாமி கையை முழங்கை வரை வாளிக்குள் விட்டு மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பிள்ளைகள்.

"கை எரியுதுங்க. என்னங்க ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன்.

"நீ பேசாம இரு" என்றார் பாய். "தெரியாதுங்க. எவ்வளவு கெட்டிருக்குன்னு மெஷின் சொல்லும். ஒடம்ப என்ன பண்ணும்னு சொல்லாது. மொதல்ல கையக் கழுவுங்க, புள்ளைங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

தோல் உரிந்து ஆறியது. கோவிந்தசாமி பிறகு வெகுகாலம் இருந்தார். ஆனாலும் அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

தாமதம் யாரால் என்று பாய் கடைசி வரை வாய் திறக்கவில்லை. இனி அதைச் சொல்ல நான் மட்டும்தான்.

அது உப்பு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றும் அதையேதான் சொல்வேன். ஒளித்தது நான்.

கோவிந்தசாமியின் பிள்ளைகள் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள். இருந்தாலும் எழுதியதை அழிக்கப் போவதில்லை.

போய் வாங்க பாய்.