காற்றைக் குறைத்துச் சொன்னவர்

முத்தாலம்மாள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதில் பாதி என் மேலேயே இருக்கும் கோபம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் தனசேகர். வீடு பீர்க்கன்கரணையில். தாம்பரத்தில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. பாலம், டவர் என்று எது கட்டுவதாக இருந்தாலும் அந்த இடத்தில் காற்று எப்படி அடிக்கிறது என்று முன்கூட்டியே அளந்து சொல்வோம். கேளம்பாக்கம் தாண்டிக் கடலோரம் போனால் ஒரு முகத்துவாரம் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை மேடு, இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறும் மணல் திட்டு. காற்று பாறையில் மோதி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. விமான நிலையத்தில் எடுத்த கணக்கெல்லாம் இங்கே செல்லாது. அங்கே பாலம் கட்டலாமா, கட்டினால் எவ்வளவு பலமாகக் கட்டுவது என்று பார்க்கத்தான் ஒரு வருஷத்துக்குக் காற்றை அளக்கச் சொன்னார்கள்.

மே மாதம் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டோம். உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். சுற்றும் வேகத்தைக் கீழே ஒரு பெட்டி பதிந்துகொள்ளும். அங்கிருந்த மீனவக் குப்பத்தில் கம்பத்துக்கு மிக அருகில் இருந்த வீடு முத்தாலம்மாளுடையது. அதனால் காவல் பொறுப்பும் அவருக்கே வந்தது. உப்புக் காற்றில் கிண்ணம் இறுகிவிடக் கூடாது என்பதற்காக வாரம் ஒருமுறை இழுகம்பியைச் சுற்றும் வின்ச்சின் பிடியைச் சுற்றிக் கம்பத்தைச் சாய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, மறுபடி நிமிர்த்த வேண்டும். ஒரே தடவை காட்டினேன், பிடித்துக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. காலையில் கூடையோடு ஷேர் ஆட்டோ ஏறி சிறுசேரிப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு மீன் விற்கப் போவார். முள் எடுத்துத் தரச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம், "முள்ளு இல்லாத மீனு வோணும்னா போயி பன்னீரு வாங்கிக்க" என்பார். அப்படிச் சொன்ன பிறகும் அந்த வீட்டில் மறுநாள் அவரிடம்தான் வாங்குவார்கள்.

அவருடைய கணவர் தாமோதரன் மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனார். மழைக்காலம். விடியும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி முகத்துவாரத்தின் அந்தக் கரையில். மழைத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்ததால் படகு இறக்க முடியவில்லை. ஆட்டோவில் கேளம்பாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜங்ஷன் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி போர்டு எங்க வூட்டு வாசல்லேந்தே தெரியுது சார்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அவர் அழுது குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆக, அந்தப் பாலம் வர வேண்டும் என்று அவரைப் போல யாரும் விரும்பியிருக்க முடியாது. முதல் மாதமே கேட்டார்: "காத்து ஜாஸ்தியா அட்ச்சா பாலம் கட்ட மாட்டாங்களா சார்?"

நான் வெயில் எரிச்சலில் இருந்தேன். "செலவு ஏறும்க்கா. ஏறுனா ஃபைலைத் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

மாதா மாதம் நானே கம்பத்தைச் சாய்த்துக் கிண்ணங்களைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி. எனக்கு இடுப்பு வலி. கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "துடைச்சியாக்கா?" என்பேன். "துட்ச்சிட்டேன் சார்" என்பார். கையெழுத்துப் போட்டு, பெட்டிக்குள் பதிவு சேரும் கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆகஸ்டிலிருந்து காற்று குறைவாகவே பதிவானது. டிசம்பரில் ஒரு புயல் வந்தது. குப்பத்தில் நாலு கூரை பறந்தது, பதிவு மட்டும் சாதுவாக இருந்தது. எங்கள் இன்ஜினீயர் ஸ்ரீவித்யா வரைபடத்தை வைத்து யோசித்து, பாறை மேடு காற்றைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

பிப்ரவரியில் ஸ்ரீவித்யா நேரிலேயே வந்தார். முத்தாலம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தபோது சந்தோஷமாக லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, இதுதான் உங்க பாலம். காத்து கம்மியா இருக்கறதால ஸ்லிம்மாவே டிசைன் பண்ணிடலாம். கம்பியும் கம்மியா போதும்."

"பெரிய காத்து அட்ச்சா தாங்குமா மேடம்?"

"இங்க அவ்ளோ அடிக்காதுன்னு மெஷினே சொல்லுதே!"

முத்தாலம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் எனக்கு போன். உடனே வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் கம்பம் ஏற்கெனவே சாய்ந்து கிடக்கிறது. மூன்று கிண்ணங்களின் வாயிலும் பொடிக்கண் நைலான் வலையை இழுத்துப் பிடித்து, தூண்டில் நரம்பால் அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. கிண்ணம் சுற்றும், ஆனால் சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றாது. பத்து மீட்டர் கீழே நிற்பவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

"இன்னாக்கா இது?"

"நான்தான் கட்னேன். ஆடி மாசத்துலயே கட்டிட்டேன்."

"ஏன்?"

"கணக்கெடுக்க எவன் வந்தாலும் நாங்க கொறச்சுதான் சார் சொல்லுவோம். வூட்ல எத்தினி பேரு சம்பாரிக்கிறாங்கன்னு கேட்டா ஒர்த்தர்னு சொல்லணும். ரெண்டுன்னு சொன்னா ரேஷன் அரிசி பூடும். காத்துக் கணக்கும் அப்டித்தான்னு நென்ச்சிக்கினேன். கொறச்சலா காட்னா சீக்கிரமா கட்டிடுவான்னு பார்த்தேன். அந்தக் கணக்க வெச்சித்தான் கம்பி போடுவாங்கன்னு நேத்து மேடம் சொன்னப்புறம்தானே தெரியுது."

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூச்சு வாங்கியதும் எனக்குள் வேறொரு புத்தி வேலை செய்தது. வலையை அறுத்துப் போட்டுவிட்டு, மெஷின் பழுது, கணக்கில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் என்ன? என் கையெழுத்தும் தப்பும், அவர் பேரும் வெளியே வராது. அதைச் சொல்லியும் விட்டேன்.

"மெசினு மேல பழி போட்டா, சந்தேகம்தானேன்னு பாதிக் கணக்க சேத்துக்குவாங்க" என்றார். "அந்தப் பாலத்து மேல எம் பொண்ணு ஷர்மிளா நடப்பா. வலைய கட்னது நானு, பாக்காம கையெய்த்து போட்டது நீ. ரெண்டையும் சொல்லு."

சொன்னோம். ஸ்ரீவித்யா எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினார். ஆடி முதல் எடுத்த கணக்கு மொத்தமும் குப்பைக்குப் போனது. இன்னொரு மழைக்காலம் முழுக்க அளந்தாக வேண்டும், பாலம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முத்தாலம்மாளை எடுத்துவிட்டு வேறு ஆள் போடலாமா என்று மேலிடத்தில் கேட்டபோது ஸ்ரீவித்யா என்னைப் பார்த்துக்கொண்டே, "அவங்களை நான் நம்பறேன் சார். இவரைத்தான் நம்ப முடியல" என்றார்.

குப்பத்துக் கூட்டத்தில் முத்தாலம்மாளே எழுந்து நின்று சொன்னார். "பாலம் ஒரு வருசம் லேட்டு. என்னாலதான்." சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மா மட்டும் பாதியிலேயே எழுந்து போனாள். அவள் புருஷனுக்கு அப்போதே இரண்டு தடவை நெஞ்சு வலி வந்திருந்தது. அன்றிலிருந்து முத்தாலம்மாளோடு பேச்சு கிடையாது. தண்ணீர்க் குழாயில் எதிரெதிரே நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நவம்பரில் கார்டு எடுக்க ஒருநாள் காலையில் போனேன். மழை விட்டிருந்தது, முகத்துவாரத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு போனது. முத்தாலம்மாள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கூடை இல்லை. விடியற்காலையில் எல்லம்மாவின் புருஷனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், அதே கேளம்பாக்கம் வழியாக.

நான் ஏதோ தைரியம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்தபடியே ஆறவிட்டார். எனக்கும் வேலை ஓடவில்லை. கம்பத்தைச் சாய்க்கப் போகாமல் அங்கேயே நின்றேன்.

எட்டரை மணிக்கு அவருடைய போன் அடித்தது. எடுக்காமல் என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன். எல்லம்மாவின் குரல்.

"பொழச்சிக்கினாருடீ. ஊசி போட்டாங்க, கண்ணு தொறந்துட்டாரு. நீ காலைலேந்து தெருவுலயே நிக்கிறியாமே? போயி எதுனா துண்ணு."

முத்தாலம்மாள் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். தெருவே வெளியே வந்து பார்க்கும்படி அழுதார். எல்லம்மா விஷயம் புரியாமல் போனில், "இன்னாடி, லைன்ல கீறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.