கோல்ஃப் வண்டிக்கு வைத்த குங்குமம்

என் மனைவிக்கு மூட்டுவலி. போன குளிர்காலத்தில் துபாய்ப் பக்கம் பாலைவன கேம்ப்புக்குப் போனபோது, மணலில் நடக்க முடியாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகவே இந்த வருடம் பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கினேன். இன்சூரன்ஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள் கேம்ப்காரர்கள்.

ஒரு கம்பெனி, நம்பர் பிளேட் இல்லாததால் இது கார் இல்லை என்றது. இன்னொன்று, வீட்டுச் சாமானும் இல்லை என்றது. முருகா, பிறகு இது என்னதான்! கடைசியில் ஒரு மலையாளி ஏஜெண்ட் சம்மதித்து போட்டோ கேட்டார். அனுப்பியதும் போன் வந்தது.

"சாரே, முன்னாடி சிவப்பா இடிச்ச மாதிரி இருக்காம். கம்பெனி ஒத்துக்கல."

"அது குங்குமம்ங்க! பூஜை போட்டது!"

"எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாதே. துடைச்சிட்டு வேற எடுங்க."

சாமி பேரில் வைத்ததைத் துடைப்பதா? "இன்சூரன்ஸே வேண்டாம், கலாஸ், முடிஞ்சுது!" என்று போனை வைத்துவிட்டேன்.

மனைவி ஈரத்துணியோடு நொண்டிக்கொண்டே வந்தாள். "நகருங்க. முருகன் கோச்சுக்க மாட்டாரு. இந்த வருஷமும் நான் காருக்குள்ளயே உக்காரணுமா?"

துணியை வாங்கி நானே துடைத்தேன். வேறு போட்டோ எடுத்து அனுப்பினேன். பாலிசி வந்தது. சனிக்கிழமை அவளைக் கூடார வாசல் வரை ஓட்டிப்போய் இறக்கினேன். அன்று முருகனுக்கு வேறு பூஜை எதுவும் செய்யவில்லை. குறை வைத்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.