சைவப் பொட்டலம் ஒன்று

தஞ்சோங் பகாரில் நான் பார்க்கும் வேலை என்னவென்று அத்தாவுக்குப் புரியவைக்க ஒரு வருடம் ஆயிற்று. மருத்துவமனைகளும் நிறுவனங்களும் தங்களிடமுள்ள ஆட்களைப் பற்றிய விவரங்களை அட்டவணையாக வெளியிடும் முன் எங்களுக்கு அனுப்பும். அதைப் பார்க்கிற எவரும் அதிலுள்ள எவரையும் அடையாளம் கண்டுவிட முடியாதபடி செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பெயரை அழிப்பது எளிது. பெயரில்லாமலே ஆளைக் காட்டிக்கொடுக்கும் கட்டங்கள்தான் சிக்கல். இந்த வயது, இந்த வட்டாரம், இந்த நோய் என்று குறுக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே ஒரு ஆள் தனியாக நிற்பார். ஐந்துக்குக் குறைவான எண் எங்கே வந்தாலும் அதை அழித்துவிட்டு நட்சத்திரக் குறி போடுவோம். நாள் முழுவதும் நான் நட்சத்திரம் போடுகிறேன்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் செய்தது தெரியாமல் நடந்த பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

ஞாயிறு மதியங்களில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையின் மேல்மாடி அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பேசுவது அரசியல். ஒரு மனிதரின் வாழ்க்கைமேல் அரசாங்கத்துக்கு இவ்வளவு பிடி இருக்கக் கூடாது, அந்தப் பிடியைத் தளர்த்தி முதலாளியிடம் ஒப்படைக்கவும் கூடாது என்பது எங்கள் நிலை. வேலை செய்கிறவர்களுக்குத் தங்கள் வேலையையும் வாழ்க்கையையும் தாங்களே நடத்தத் தெரியும். எங்கள் சிறிய இணையதளத்தில் மாதம் ஒரு கட்டுரை எழுதுவது என் பங்கு.

அதிகம் எழுதியது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வேலை பெர்மிட்டைப் பற்றி. எங்கள் ஊரின் சந்தையைத் திறந்த சந்தை என்று எல்லாரும் புகழ்கிறார்கள். இங்கே சரக்கு தடையில்லாமல் வருகிறது, முதலீடு தடையில்லாமல் வருகிறது. கட்டடம் கட்ட வருகிறவர் மட்டும் ஒரு கம்பெனியின் பெயரோடு பிணைத்த அட்டையுடன் வருகிறார். எதிர்ச் சாலையில் இதைவிட நல்ல வேலை இருந்தாலும் நினைத்தபோது அவர் சாலையைக் கடந்து போய்ச் சேர்ந்துவிட முடியாது. கம்பெனிக்கு அவர் வேண்டாமென்றால் சில நாட்களில் விமானம் ஏற வேண்டும். எந்த அறையில் படுப்பது, எந்த லாரியில் ஏறுவது, என்ன சாப்பிடுவது என்பதெல்லாம் வேறொருவரின் முடிவு. அதிகாரத்தை அரசாங்கம் உருவாக்கி முதலாளிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது என்று ஒரு கட்டுரையில் எழுதினேன். அதை இன்றும் நம்புகிறேன்.

அத்தாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. லிட்டில் இந்தியாவில் முப்பது வருடமாகத் துணிக்கடை வைத்திருப்பவர். இந்த ஊர் ஒழுங்காக ஓடுவதற்குக் காரணம் அரசாங்கம்தான் என்பது அவர் கட்சி.

"அரசாங்கம் வேணாங்குறே. அப்ப யாரு லா குப்பைய அள்றது?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"இப்ப அள்றவரும் அரசாங்கம் இல்லத்தா. அவரும் பெர்மிட்தான்."

அத்தா ரசத்தை என் பக்கம் தள்ளினார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் நான் ரயிலுக்கு நடக்கும்போது அந்த இடத்தின் வேலியில் வரிசையாகப் பிளாஸ்டிக் பைகள் தொங்கும். ஒவ்வொரு பையிலும் பழுப்புத் தாளில் மடித்த ஒரு பொட்டலம். அவை மதியச் சாப்பாடு என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

சொன்னவர் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர். இங்கே அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன். நாற்பதைத் தாண்டியவர், தமிழ்நாட்டிலிருந்து வந்து பல வருடம் ஆகிறது. தன் அறை நண்பருக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தை யாராவது படித்துச் சொல்வார்களா என்று ஒரு ஞாயிறு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். அதன்பிறகு அடிக்கடி வருவார். கட்டுரை விவாதங்களைக் கதவோரம் உட்கார்ந்து கேட்பார். ஒருமுறை, "நீங்க பேசுறதெல்லாம் சரி. வேலியில தொங்குற சோத்தப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறீங்களே," என்றார்.

கம்பெனி தங்கவைத்திருக்கும் டோர்மில் அவர்கள் சமைக்க அனுமதியில்லை. கம்பெனி ஒப்பந்தம் போட்ட ஒரு சமையற்கூடத்திலிருந்து, பொழுது விடியும் முன்பே காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்து வந்துவிடும். மதியப் பொட்டலம் எறும்புக்கும் எலிக்கும் தப்ப வேலியில் ஏறும். பன்னிரண்டு மணிவரை வெயிலில் தொங்கும். கோழி வந்தவர்கள் குழம்பை ஒதுக்கிவிட்டுத் துண்டை மட்டும் தின்பார்கள். முட்டை வந்தவர்களுக்கு முட்டையாவது மிஞ்சும். அண்ணனுக்கு அதுவும் கிடையாது. மகள் சிறுமியாக இருந்தபோது பெரிய காய்ச்சலில் கிடந்தாளாம். பிழைத்தால் அசைவம் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டு அன்றோடு நிறுத்தியவர். பச்சை ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலம் அந்த வேலியிலேயே அவருடையது ஒன்றுதான், அதில் சாம்பாரும் கூட்டும்தான். முதலில் புளிப்பது அதுதான்.

என்னால் எதையும் பட்டியல் போடாமல் யோசிக்க முடியாது. அன்றே ஆறு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை தயாரித்தேன். நாள், வந்த நேரம், பிரித்த நேரம், என்ன பொட்டலம், எப்படி இருந்தது, சாப்பிட்டாரா எறிந்தாரா. பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு படம் எடுத்து ஒரு சொல் எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் தன் ஆட்களிடம் பேசி இருபது பேருக்குமேல் சேர்த்தார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. மழை நாளில்கூட ஒருவரும் தவறவில்லை. நான் கட்டுரைகளில் கற்பனை செய்ததெல்லாம் ஒரு வேலியோரத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் ஆனதும் எல்லாவற்றையும் என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு அண்ணன் கேட்டார். "என் பேரு எங்கயும் வராதுல்ல தங்கச்சி? ரெண்டு மாசத்துல பெர்மிட் ரெனியூ ஆவணும். இன்னும் ஒரு தடவ ஆயிட்டா மக படிப்பு முடிஞ்சுரும்."

"வராதுண்ணே. அதுதான் என் வேலையே."

பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து அட்டவணையைச் சுருக்கினேன். பெயர்கள் போயின. படங்களில் தெரிந்த விரல்கள், மோதிரங்கள், கையுறைகள் எல்லாவற்றையும் வெட்டினேன். கம்பெனியின் பெயரையும் எடுத்தேன். கடைசியில் நான்கு வரிகள் நின்றன: கோழி, மீன், முட்டை, சைவம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எத்தனை நாள் கெட்டிருந்தது. கோழி, மீன், முட்டை வரிகளைப் பார்த்தால் ஒருவர் வாதாடலாம், வெயில், சில நாள் அப்படித்தான் என்று. சைவ வரியில் வாதாட இடமே இல்லை. ஏறக்குறைய எல்லா நாளும் கெட்டிருந்தது. ஆட்கள் என்ற பத்தியில் அந்த வரிக்கு நேராக ஒன்று என்று இருந்தது.

அலுவலகமாக இருந்தால் என் விரல் தானாகவே நட்சத்திரக் குறிக்குப் போயிருக்கும். அல்லது அந்த வரியை முட்டையோடு சேர்த்திருப்பேன். சேர்த்துப் பார்த்தேன். அட்டவணை சவசவவென்று ஆயிற்று. மறுபடி பிரித்தேன். பிறகு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒன்று, கம்பெனியின் பெயர் இல்லை. இரண்டு, எங்கள் தளத்தைப் படிப்பவர்களே நூறு பேர் இருக்க மாட்டார்கள். மூன்று, இந்த வரியால் இருபது பேருக்கு நல்ல சோறு கிடைக்கும். கைப்பேசி பக்கத்திலேயே கிடந்தது. அண்ணனைக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கூப்பிடவில்லை. வெளியிட்டேன்.

நூறு பேர் என்று நினைத்தது தப்பு. யாரோ பகிர, யாரோ வேலியைப் படம்பிடித்துச் சேர்க்க, இரண்டு வாரத்தில் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர்களே கம்பெனியைக் கேள்வி கேட்டார்கள். சமையற்கூடம் மாறியது. மதியச் சாப்பாடு பதினொன்றரை மணிக்குச் சூடு காக்கும் பெட்டியில் வர ஆரம்பித்தது. மாடியில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டோம். அரசாங்கத்தின் கதவைத் தட்டாமல் தொழிலாளர்கள் தாங்களே பதிவுசெய்து தாங்களே வென்றார்கள் என்று நான் இன்னொரு கட்டுரையும் எழுதினேன். அண்ணன் மூன்று ஞாயிறு வரவில்லை. ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு வந்தார். மாடிக்கு ஏறவில்லை, கீழிருந்து கூப்பிட்டார். கையில் புதுப் பயணப் பெட்டி ஒன்று, விலைச் சீட்டுகூடப் பிரிக்காமல். ஃபேரர் பார்க் திடலில் போய் உட்கார்ந்தோம். என்ன நடந்தது என்று அவர் நிதானமாகச் சொன்னார். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்துக்கு சூப்பர்வைசர் என் அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, "இதுல சைவம் ஒருத்தர்னு போட்டிருக்கே, யாருப்பா அந்தச் சாமியாரு?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் குனிந்து ஷூ லேஸ் கட்டியிருக்கிறார். மிரட்டல், திட்டு எதுவும் இல்லை. ரெனியூ நேரம் வந்தபோது வேலை குறைகிறது, ஆள் தேவையில்லை என்றார்கள். மற்ற எல்லாருக்கும் ரெனியூ ஆனது.

"சோறு இப்ப நல்லாருக்கு. சாம்பார்ல ஆவி பறக்குது," என்றார் அண்ணன். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போல, "நீங்க சொன்னபடி பேரு வரலயே தங்கச்சி," என்றார்.

அந்த வாக்கியத்தோடு என்னால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

"அண்ணே, சைவத்துக்கு நேரா இருந்த அந்த ஒன்ன நான் பாத்தேன். ஆபத்துன்னு தெரிஞ்சுதான் விட்டேன்."

அவர் பெட்டியின் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டது.

"போனு என் கையிலதான இருந்துச்சு," என்றார் கடைசியில். "கேட்டிருந்தா போடுங்கன்னு சொல்லிருப்பேனோ, ரெனியூ முடியட்டும்னு சொல்லிருப்பேனோ. எனக்கே தெரியல. ஆனா அத நான்ல சொல்லிருக்கணும்."

நான் வழிகளை அடுக்க ஆரம்பித்தேன். அரசாங்கத்தின் அமைச்சில் புகார் கொடுக்கலாம், தொழிலாளர்களுக்கு உதவுகிற வழக்கறிஞர்களிடம் போகலாம், வேறு கம்பெனி தேடலாம். அவர் கையை உயர்த்தினார்.

"லிஸ்ட் போடாதீங்க தங்கச்சி. செவ்வாக்கிழம டிக்கெட்."

அந்த வரியை இப்போதாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவரிடம் நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"எடுத்துட்டா நான் எதுக்குப் போறேன்? இருக்கட்டும்," என்றார்.

இருக்கிறது. அதிகாரம் என்பது அமைச்சுகளிலும் கம்பெனிகளிலும் இருக்கும் ஒன்று என்று நினைத்து எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். பலருடைய நன்மைக்காக ஒருவரைக் கேட்காமல் ஒருவர் முடிவெடுப்பதுதான் நான் அவர்களிடம் கண்ட குற்றம். அதைச் செய்ய எனக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு சனிக்கிழமை மதியமும் போதுமாக இருந்தன. அரசியலில் என் நிலை மாறவில்லை. அந்த அட்டை அவரை ஒரு கம்பெனியோடு கட்டிப்போடாமல் இருந்திருந்தால், அவர் அடுத்த தெருவில் வேலைக்குச் சேர்ந்திருப்பார், என் பிழை ஒரு பிழையாக மட்டும் இருந்திருக்கும். இது உண்மை. இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அந்த அட்டை எப்படிப்பட்டது என்று அந்தத் திடலில் இருந்த எவரையும்விட நன்றாகத் தெரிந்துகொண்டு, அதன்முன் அவரைத் தனியாக நிறுத்தியவள் நான்.

மாடியில் இருந்தவர்கள் அவரை அனுப்பியதைப் பற்றி உடனே எழுத வேண்டும் என்றார்கள். எங்கள் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது என்று ஒருவர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை சைவ வரியைப் பார்த்தபோது நானும் எனக்குள் இதையேதான் சொல்லியிருந்தேன். அண்ணனைக் கேட்காமல் எழுதக் கூடாது என்றேன். ஊருக்குப் போனவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேறு கம்பெனி மூலமாகத் திரும்பி வர முயற்சி செய்துகொண்டிருப்பதாகவும் அது முடியும்வரை எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். எழுதவில்லை. குழுவில் இருவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

ஒரு வருடம் கழித்துத்தான் இதை எழுத அனுமதித்தார். முடித்ததும் கைப்பேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தன் ஊர் எந்தப் பக்கம் என்று ஒரு வரி இருந்தது, எடுக்கச் சொன்னார். மகள் என்ன படிக்கிறாள் என்பதையும். இரண்டும் இப்போது இல்லை. சைவம் என்பது இருக்கலாமா என்று கேட்டதற்கு, அதுதான் ஊருக்கே தெரியுமே என்றார்.

இன்னோர் இடத்திலும் நிறுத்தினார். பாதுகாப்புக் கூட்டத்தில் சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டு எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார் என்று எழுதியிருந்தேன்.

"நான் சிரிக்கல தங்கச்சி," என்றார். "குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினேன்."

திருத்திவிட்டேன்.