பால்வாடிக்கு மதிப்பெண் போடப் போன நாள்

உப்பூர்ப் பக்கத்துப் பால்வாடி ஒன்றுக்கு நான் போனது மதிப்பெண் போடுவதற்காக. குழந்தைகளுக்கு இல்லை, டீச்சருக்கு. குழந்தை ஏதாவது சொன்னால் காது கொடுக்கிறாரா, அழுதால் பக்கத்தில் போகிறாரா, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்பதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக் குறிக்க வேண்டும். நான் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. சுவர் மாதிரி இருங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

குழந்தைகளுக்கு யாரும் அந்தப் பயிற்சி கொடுக்கவில்லை. உட்கார்ந்ததுமே ஒருத்தி காலி பிளாஸ்டிக் கப்பை என்னிடம் நீட்டி, "டீ ஆறிரும், குடிங்க" என்றாள். சுவர் டீ குடித்தது.

டீச்சருக்கு நல்ல பயம். கஞ்சி போட்ட சேலை, ஜன்னல் முழுக்க ரோஸ் காகிதத் தோரணம். பேச்சும் செய்தி வாசிப்பது போல இருந்தது. "குழந்தைகளே, இது என்ன வண்ணம் என்று கூறுங்கள்."

ஒரு பையன் அவரை உற்றுப் பார்த்தான். "டீச்சர், ஏன் இப்புடிப் பேசுறீங்க? காய்ச்சலா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சுவரோரம் ஒரு சின்னப் பெண் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் இங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை என்று உள்ளே நுழையும்போதே டீச்சர் சொல்லியிருந்தார். அவளுக்காகவும் மதிப்பெண் குறையுமோ என்ற கவலை.

அப்போதுதான் ஆடு வந்தது. வெளியே கருவேலங்காய் மேய்ந்துகொண்டிருந்த ஆடு நேராக உள்ளே நுழைந்து தோரணத்தைப் பிடித்து இழுத்து, நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. குழந்தைகள் ஓவென்று கத்தினார்கள். டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாய்ந்தார். "ஏய்! அங்கன போ! யாரு வீட்டு ஆடுடா இது?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே சுவரோரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "பேப்பரு தின்னா வயிறு வலிக்கும்."

டீச்சர் ஆட்டை விட்டுவிட்டு அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "யாருக்கு ஆத்தா வயிறு வலிக்கும்?"

"ஆட்டுக்கு."

"அப்ப என்ன செய்யலாம்?"

அவள் யோசித்தாள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. ஆடு மென்றுகொண்டே இருந்தது.

"தண்ணி குடுக்கணும்."

அவ்வளவுதான், வகுப்பே தண்ணீர் கொடுக்கக் கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு டம்ளர். ஆடு எதையும் தொடவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று டீச்சர் கேட்க, வெட்கப்படுது, சீனி போடணும், அதோட அம்மா வந்து சொன்னாத்தான் குடிக்கும் என்று பதில்கள் குவிந்தன. என் பேனா ஓயவே இல்லை.

மதியம் டீச்சர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஆட்டுனால எல்லாம் கெட்டுப்போச்சு மேடம். இன்னொரு நாளு வாரீங்களா?"

மதிப்பெண்ணை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. "அந்தப் பாப்பா பேசுச்சே, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் அப்படியே நின்றார். ஆட்டுப் பதற்றத்தில், இத்தனை நாள் பேசாதவள் பேசினாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்கு ஓடினார். அந்தப் பெண்ணின் அம்மா அப்போதுதான் அழைத்துப்போக வந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒங்க மக பேசிட்டாத்தா!"

அம்மா மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "வீட்டுல இவ வாய மூட வைக்க முடியல டீச்சர். இங்கன பேசமாட்டாளாக்கும்?"

மூவரும் சிரித்தோம். சிரிக்கக் கூடாது என்ற விதியாவது ஒன்றாவது.